சருகும் சட்டமும்

காட்டிலே தீ என்றால் ஆலைத் தொழிலாளிக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. கேட்கட்டும்; கேள்வியில் குற்றமில்லை. பஞ்சப்படி, போனஸ், ஒப்பந்தக் கூலி என்று தலைக்கு மேல் வெள்ளம் போகையில், மலையில் புல் எரிந்தது, பூச்சி செத்தது என்று பத்தி எழுத வந்துவிட்டார்களே என்று சலித்துக்கொள்வது இயல்புதான். ஆனால், ஒரு கேள்வியை நாமும் திருப்பிக் கேட்போம். அந்தத் தீயை அணைக்கப் போகிறவன் யார்? மோட்டாரில் வந்து பார்வையிட்டுப் போகும் பெரிய அதிகாரியா? மலை உச்சியில் மாளிகை எழுப்பியிருக்கும் சீமானா? அல்ல. கோடைக்கு மட்டும் தவணைக்கு எடுத்து, தினக்கூலி பேசி, கையில் பச்சைக் கொப்பை ஒடித்துக் கொடுத்து, "போய் அடி" என்று அனுப்பப்படுகிறானே தீக்காவலன், அவன்! ஆலை வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவன் உடன்பிறப்பு அல்லாமல் வேறு யார்?

2020 பிப்ரவரியில் கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தில், தேசமங்கலத்தை அடுத்த கொட்டம்பத்தூரில், அக்கேசியாத் தோட்டப் பகுதியில் பற்றிய தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் 3 பேர் நெருப்பின் நடுவே சிக்கி மாண்டனர். 2024 ஜூனில் உத்தரகண்டின் அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் வனத்துறை ஆட்கள் 4 பேர் அங்கேயே கருகினர். உடன் போய்க் காயமுற்றவர்களால் அந்தப் பலி பின்னர் இன்னும் கூடியது. ஏடுகள் ஒரு நாள் எழுதின. அமைச்சர்கள் அனுதாபம் தெரிவித்தனர். அடுத்த கோடை வந்தது, அடுத்த கொப்பு ஒடிக்கப்பட்டது.

நம் நாட்டுக் கதையையும் நாம் மறந்துவிடவில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி மலையில் குரங்கணி. மலையேற வந்த இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில் தீ அவர்களைச் சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்தது, விசாரணை வந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், செய்தி கேட்ட மாத்திரத்தில் இருட்டில் மலையேறிப் போய்க் கருகிக் கிடந்தவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அந்த மலையடிவாரத்து ஏழை மக்கள். அவர்களிடம் ஆணையும் இல்லை, அங்கியும் இல்லை. பாதை தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சரிவில் அன்று நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். சமதளத்தில் தீ நடக்கும். சரிவில் தீ ஓடும். மேல்நோக்கி எரியும் தீயின் நாக்கு, தனக்கு மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை ஏறினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கணக்கு. ஆளுயரம் காய்ந்து நிற்கும் போதைப்புல்லும் மாலைக் காற்றும் சேர்ந்துவிட்டால், ஓடி மேலேறித் தப்பலாம் என்று நினைத்தவன் தீக்கு முன்னால் ஓடமாட்டான். தீதான் அவனுக்கு முன்னால் ஓடும். அந்த மலையில் மாடு மேய்ப்பவனுக்கு இது தெரியும். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தவனைக் காட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, தெரியாதவனிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்புகிற ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

1882 முதல் இன்று வரை

காட்டுத் தீ என்றதும் அதிகாரிகளின் விரல் நீளுகிற திசை ஒன்றே ஒன்று. "ஆதிவாசி வைத்தான், ஆடு மேய்ப்பவன் வைத்தான், தேனெடுக்கப் போனவன் வைத்தான்." இந்த வழக்கு இன்று நேற்று எழுதப்பட்டதல்ல. 1882-ல் வெள்ளைத் துரைத்தனத்தார் சென்னை மாகாணத்துக்கென ஒரு வனச் சட்டம் செய்தார்கள். காட்டுக்கு வேலி, வேலிக்குள்ளே போகிறவன் திருடன், நெருப்பு வைக்கிறவன் கொடியவன். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கு வேண்டும், தேக்குக் கன்று தீயில் கருகக் கூடாது. அதுதான் துரைமார் கவலை. வெள்ளையன் போனான், அவன் போட்ட சட்டம் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு இன்னும் இருக்கிறது. 1922-ல் ஆந்திரத்து ரம்பா மலையில் மக்கள் ஆயுதம் ஏந்தியதற்கு இந்த வனச் சட்டக் கொடுமைகளும் ஒரு காரணம் என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால், காட்டில் வாழ்ந்தவன் தீயை எப்படிக் கையாண்டான்? சத்தியமங்கலம் மலையைத் தாண்டினால் கன்னட நாட்டின் சாம்ராஜ்நகர் மாவட்டம். அங்கே பிலிகிரிரங்கன் மலை. அங்குள்ள சோளகர் மக்களும் நம் சத்தி மலைச் சோளகரும் ஒரே குடி. அவர்கள் பேச்சில் 'தரகு பெங்கி' என்று ஒரு சொல் உண்டு. சருகுத் தீ என்று பொருள். புல்லின் அடியில் பனியின் ஈரம் இன்னும் மிச்சமிருக்கிற பருவத்தில், சிறு சிறு திட்டாக, முழங்காலுக்குக் கீழேயே எரிந்து அடங்குகிற தீ. சருகு போகும், மரம் நிற்கும். இளம் புல் துளிர்க்கும். பாதை தெரியும், யானை நிற்பது தெரியும். உன்னிச் செடியின் கன்றுகளும் அதில் மடியும். நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவி கூட அந்தத் தீ நின்ற பிறகுதான் பெருகியது என்பது அவர்கள் முதியோர் வாக்கு.

இந்த உன்னியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி அது. தோட்டத்தில் வைத்தது துரை. காடெல்லாம் அடைந்து கிடப்பது இன்று நமக்கு. இந்தியக் காடுகளில் ஒன்றரை இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரவிவிட்டதாக 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. பிலிகிரிரங்கன் மலையில் ஆராய்ந்தவர்கள், 1997-ல் தாங்கள் பார்த்த இடங்களில் 41 விழுக்காட்டில் இருந்த உன்னி, 2008-ல் 81 விழுக்காட்டில் வந்துவிட்டதைக் கண்டார்கள். பதினோரே ஆண்டுகள்!

தீயை நிறுத்தியது ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் அடித்துச் சொல்ல வரவில்லை. மேய்ச்சல், மழை, வெட்டு என்று பலவும் இதில் கலந்திருக்கின்றன. அன்றியும், தீ அடிக்கடி வந்தால் மரக்கன்று தலையெடுக்காது என்பதும் உண்மை. முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் மரம் மரமாக எண்ணி வருகிற அறிஞர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். சோலைக்காடு வேறு, அங்கே தீக்கு எந்தக் காலத்திலும் இடமில்லை. வறண்ட இலையுதிர் காடு வேறு, புல்மலை வேறு. எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவன் அந்தக் காட்டிலேயே பிறந்தவன். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பதில் கேட்டால் கிடைக்குமா?

சருகுத் தீ நின்றது. சருகு நிற்கவில்லை. ஆண்டுக்காண்டு சேர்ந்தது. உன்னி அதன்மேல் படர்ந்து, தரையிலிருந்து கிளைக்கு ஏணி போட்டது. அந்த நிலையில் ஒரு பொறி விழுந்தால் முழங்காலோடு நிற்குமா? 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததே, அதுபோல மரத்தின் உச்சிக்கே ஏறுகிறது. எரிந்த பிறகும் உன்னியின் வேர் சாவதில்லை. முதல் மழையில் முதலில் துளிர்ப்பது அதுதான்!

நீலகிரியிலும் பழனி மலையிலும் கதை வேறு விதம். அங்கே இயற்கை தந்தது சோலையும் புல்வெளியும். புல்வெளியைப் 'பாழ் நிலம்' என்று பட்டியலிட்டு, தோல் பதனிடச் சீகை மரம், ரேயான் கூழுக்கும் எண்ணெய்க்கும் யூக்கலிப்டஸ், அதோடு பைன் என்று சர்க்காரே நட்டது. வெள்ளையன் தொடங்கினான், நம்மவர் பெருக்கினார்கள். எண்ணெய் பிழியும் மரத்தின் சருகும், பிசின் வடியும் பைன் ஊசியும் எரிந்தால் எப்படி எரியும் என்று சொல்லவா வேண்டும்? பின்சரில் அந்த நால்வரைத் தின்ற மலைத்தொடர்களும் பைன் ஊசி மெத்தை விரித்தவையே. 2024 மார்ச்சில் குன்னூரை அடுத்த காட்டில் பல நாள் எரிந்த தீக்கு, விமானப் படை ஹெலிகாப்டரில் வாளி கட்டி ரேலியா அணைத் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. ஊருக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கணக்கில் வராத உயிர்கள்

புலி செத்தால் செய்தி. யானை செத்தால் தலைப்புச் செய்தி. எரிந்த காட்டில் எத்தனை கோடிப் பூச்சி செத்தது என்று எவராவது கேட்டதுண்டா? 2019-20-ல் ஆஸ்திரேலியாவில் 2 கோடியே 40 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது. 300 கோடி விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் அந்தத் தீக்கு இலக்காயின என்று பெரிய கணக்கு ஒன்று போட்டார்கள், உலகமே மலைத்தது. அந்த 300 கோடியில் ஒரு பூச்சி கூடச் சேர்த்தியில்லை! முதுகெலும்பு உள்ளவற்றை மட்டுமே எண்ணினார்கள். முதுகெலும்பு இல்லாதவனுக்குக் கணக்கில் இடமில்லை என்பது அரசியலில் நல்ல நியாயமாக இருக்கலாம். காட்டில் அது ஆகாது.

ஏனென்றால் காட்டின் உழைப்பாளி வர்க்கம் அதுதான். விதைக்கு வழி செய்வது தேனீ. சாணத்தை மண்ணுக்குள் உருட்டிப் புதைப்பது பீ வண்டு. விழுந்த மரத்தையும் சருகையும் தின்று மண்ணாக்குவது கரையான். கரையானை வீட்டில் கண்டால் நாம் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். காட்டில் அது தீயோடு போட்டி போடும் பிராணி. அது தின்றது போக மிச்சம் கிடப்பதுதான் தீக்கு இரை. கரையான் செத்த காட்டில் சருகு மக்காது. மக்காத சருகு அடுத்த தீயைக் கூப்பிடும்.

சிறு தீயில் பூச்சி பிழைக்கும். மண்ணைப் போல் வெப்பம் தாங்கும் கவசம் வேறில்லை. உலகத்துத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாய்க் கூடு கட்டுபவை அல்ல. மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழ்பவை. சருகு மட்டும் எரிகிற தீயில், சில விரற்கடை ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு மேலே தீ போனது கூடத் தெரியாது. திட்டுத் திட்டாக எரிந்தால், எரியாத திட்டில் இருந்து எரிந்த திட்டுக்கு அவை திரும்பி வரும். ஆனால், மலை முழுக்க ஒரே வீச்சில், பட்ட மரமும் வேரும் தணலாகும்படி எரிந்தால்? திரும்பி வர எங்கே மிச்சம் இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் தெற்கே கங்காரு தீவு என்று ஒன்று. அங்கே பச்சை நிறத் தச்சுத் தேனீ ஒன்று இருக்கிறது. பட்டுப்போன பாங்க்சியா மரத்திலும், புல்மரத்தின் காய்ந்த பூத்தண்டிலும் துளையிட்டுத்தான் அது குடும்பம் நடத்தும். 2007-ல் ஒரு தீ. பிழைத்தவற்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் செயற்கைத் தண்டுகளை நட்டுக் குடியிருப்புக் கொடுத்தார்கள். 2019-20-ல் மீண்டும் தீ. தீவில் பாதி எரிந்தது. ஒரு தீ போய் மரம் வளர்ந்து, முதிர்ந்து, பட்டுப்போவதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால் அந்தத் தேனீ எங்கே போகும்? தீக்கும் தீக்கும் இடையே உள்ள காலம் சுருங்குகிறதே, அதுதான் கொலைகாரன்.

நம் மலைக்கு வருவோம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கோடையின் கடைசி இரவுகளில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணைவதை வனத்துறையே 2022-ல் ஆராய்ந்து வெளியிட்டது. பார்ப்பவர்கள் அதைத் திருவிழா என்கிறார்கள். ஆனால், அந்த மின்மினி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் புழுவாக ஈரத் தரையிலும் சருகுக்கு அடியிலும் நத்தை தின்று கழிக்கிறது. அது இன்னும் சிறகு முளைக்காமல் தரையில் கிடக்கிற மாதங்களும், காடு எரிகிற மாதங்களும் ஒன்றே.

2019-ல் நம் மாநிலத்துக்கென ஒரு பட்டாம்பூச்சியை அறிவித்தார்கள். 'தமிழ் மறவன்' என்று பெயர். கேட்கவே மார்பு நிமிர்கிறது! ஆனால், இந்த மறவன் முட்டையிடுவது நீரடிமுத்து மரத்தில். முன்னாளில் தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்தார்களே, அந்த மரத்தின் இனம். ஓடைக்கரை ஈரக்காட்டு மரம் அது. மரத்தை விட்டுவிட்டு மறவனை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது? உன்னிப் புதரில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, "காடு செழிப்பாகத்தான் இருக்கிறது" என்று படம் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. உன்னிப் பூவில் அது தேன் குடிக்கும்; வாஸ்தவம். அதன் புழு தின்னும் செடிகளோ அந்த உன்னியின் நிழலிலேயே செத்துக்கொண்டிருக்கின்றன. சாராயக் கடையில் கூட்டம் இருப்பதைப் பார்த்து ஊரில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்வது போன்ற கதை இது.

இனி, தொழிலாளத் தோழர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறோம். போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை உலகம் அறிந்தது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போய்க் களையெடுத்துக் காய் பறித்து இருட்டில் திரும்புகிறார்களே நம் தாய்மார்கள், அவர்கள் கூலி எதிலிருந்து வருகிறது? ஏலச் செடியின் பூ தரையோரம் பூக்கிறது. தேனீ வந்து தொடாத பூ பெரும்பாலும் காயாகாமல் உதிர்ந்துவிடும். அந்தத் தேனீ தோட்டக்காரர் வளர்த்ததல்ல. பக்கத்துக் காட்டிலிருந்து வருகிற மலைத்தேனீயும் பொந்துத் தேனீயும். குடகு மலையில் காப்பிப் பூவுக்கும் மலைத்தேனீதான் முதல் வேலையாள். சம்பளம் கேட்காத, சங்கம் வைக்காத வேலையாள்! காடு எரிந்து புகை சூழ்ந்தால் தேனீ வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொண்டு கூட்டை விட்டுப் போய்விடும். அடுத்த ஆண்டு அதே பாறைக்கு வரலாம், வராமலும் போகலாம். வராத ஆண்டில் காய் குறையும். காய் குறைந்தால் முதலாளி முதலில் குறைப்பது எதை என்பதை நாம் தொழிலாளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2024 கோடையில் இடுக்கியில் வெயில் தாங்காமல் ஏலச் செடிகள் பெருவாரியாகக் கருகின. தீ கூட வைக்கவில்லை. வெயிலே போதுமானதாக இருந்தது. காலநிலை மாறுகிறது என்று பட்டணத்துக் கூட்டங்களில் பேசுகிறார்களே, அது மலையில் இப்படித்தான் வந்து நிற்கிறது. 2022 மார்ச், இந்தியாவில் 1901 முதல் பதிவான மார்ச்சுகளிலேயே வெப்பமானது. 2025 பிப்ரவரி, பிப்ரவரிகளிலேயே வெப்பமானது. 2024, ஆண்டுகளிலேயே வெப்பமானது. உலகக் கணக்கிலும் அப்படியே, ஆலைப் புகை பெருகுவதற்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை அதிகம். பிப்ரவரியும் மார்ச்சும் என்றால் நமக்கு என்ன? தீக்காலத்தின் வாசற்படி! பனி ஈரத்தில் சருகுத் தீ வைத்து அடக்குவதற்கு இருந்த நாட்கள் குறைகின்றன. எரிந்தால் அடங்காத நாட்கள் கூடுகின்றன. காட்டு மக்களின் பழைய அறிவு மட்டும் இனிப் போதும் என்று நாமே சொல்லமாட்டோம். அவர்கள் கண்ட பருவம் இன்று அந்தப் பருவமாக இல்லை. அந்த அறிவும் வேண்டும், விஞ்ஞானிகளின் வெப்பமானியும் வேண்டும், இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசவும் வேண்டும்.

நம்மவர் குற்றத்தை மறைத்து எழுதுவது நமக்கு வழக்கமில்லை. நம் நாட்டுக் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதன் கையால் வருவது. புதுப் புல் வேண்டுமென்று மார்ச்சு வெயிலில் மலையில் தீக்குச்சி உரசுகிறவன் நம் ஏழைதான். பாதையோரம் பீடியை அணைக்காமல் வீசுகிறவனும் அவனே. தேன் பந்தத்தை அலட்சியமாக உதறுகிறவனும் உண்டு. பனிக்காலத்துச் சருகுத் தீ வேறு, இது வேறு. ஊர்கூடி, பருவம் பார்த்து, ஆள் நிறுத்தி வைப்பது அது. ஒருவன் தன் ஆட்டுக்காகத் திருட்டுத்தனமாக வைத்துவிட்டு ஓடுவது இது. உரிமை பறிக்கப்பட்ட இடத்தில்தான் திருட்டுத் தீ பிறக்கிறது என்பது உண்மை. ஆயினும் 23 பேர் வெந்த மலையில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. மலையடிவாரக் கிளைத் தோழர்கள் இதை முகதாட்சண்யம் பார்க்காமல் பேச வேண்டும்.

டில்லி தந்த பெயர்

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிறவனுக்கு நிலத்தில் உரிமை, காட்டுப் பொருளில் உரிமை, காட்டைக் காக்கிற அதிகாரம் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. நம் மாநிலத்தில் நடந்தது என்ன? 2008-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை குறுக்கே வந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை பட்டா வழங்கும் வேலை முடங்கிக் கிடந்தது. எட்டு ஆண்டுகள்! அண்டை மலையில் சோளகர் 2011-லேயே புலிகள் காப்பகத்துக்குள்ளே சமூக வன உரிமையை வாங்கிவிட்டார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். ஒரே குடி, ஒரே மலை, நடுவே மாநில எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தவனுக்கு என்ன சமாதானம் சொல்வது?

டில்லியோ வேறு வேலையில் இருந்தது. 2022-ல் வனப் பாதுகாப்பு விதிகளை மாற்றியது. காட்டைத் திட்டங்களுக்குக் கொடுக்குமுன் கிராம சபையின் ஒப்புதலை டில்லியே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றிருந்ததைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் அனுமதி, பிறகு மாநில சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும் என்றாக்கியது. பழங்குடியினருக்கான தேசிய ஆணையமே ஆட்சேபித்தது. 2023-ல் சட்டத்தையே திருத்தினார்கள். எல்லைப் புறத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்கென்று சாலையும் பாதையும் போட வன அனுமதியே வேண்டாமாம். உத்தரகண்ட் மலைநாட்டின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. இனி அது 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்.' குறும்பருக்கும் இருளருக்கும் காட்டுநாயக்கருக்கும் முதுவருக்கும் புலையருக்கும் அவர்கள் காட்டுச் சட்டத்தின் பெயரை வாயில் நுழையாமல் செய்த சாதனைக்கு டில்லிக்குப் பரிசே கொடுக்கலாம்!

சட்டத்தின் கோணல் இன்னொன்றையும் பாருங்கள். வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் பட்டாம்பூச்சிகள் பெயர் வரிசையாக உண்டு. ஒன்றைப் பிடித்து வைத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். அதன் புழு தின்னும் செடியோடு ஒரு மலைச்சரிவையே திட்டம் என்ற பெயரில் வழித்தெடுத்தால், தாளில் முத்திரை விழுந்திருந்தால் போதும். தனித் தனியாகக் கொன்றால் குற்றம், மொத்தமாகக் கொன்றால் முன்னேற்றம்!

எண்ணுவதாவது நடக்கிறதா? ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற ஊரின் பூச்சி ஆர்வலர்கள் 27 ஆண்டு பாதுகாக்கப்பட்ட இடங்களில் கண்ணி வைத்து, விழுந்த பூச்சிகளை நிறுத்துப் பார்த்தார்கள். 2017-ல் கணக்கு வெளியாயிற்று. பறக்கும் பூச்சிகளின் எடை 76 விழுக்காடு குறைந்துவிட்டது. பெரும்பாலும் பட்டம் பதவிக்காக அல்லாமல் ஆசைக்காகப் பூச்சி பார்த்தவர்கள் அவர்கள். நம் மலைகளில் தீக்கு முன்னும் பின்னும் பூச்சிகளை அப்படி ஆண்டுதோறும் எண்ணுகிற ஏற்பாட்டைச் சர்க்கார் செய்ய வேண்டும். எண்ணுகிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியதில்லை. எந்த மரத்தில் எத்தனை மலைத்தேன் அடை இருக்கிறது, சென்ற ஆண்டைவிடக் கூடவா குறையவா என்று குறும்பர் குடியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லை எழுதி வைக்கக் கூலி கொடுத்தால் போதும்.

நாட்டின் காட்டுப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் இயல்புடையது என்பது இந்திய வன ஆய்வகத்தின் கணக்கு. எங்கே புகைகிறது என்று செயற்கைக்கோள் வானத்திலிருந்து பார்த்து, கைப்பேசிக்குச் செய்தியே அனுப்பிவிடுகிறது. மெச்சுகிறோம்! வானத்தில் இருப்பதற்கு இவ்வளவு செய்தவர்கள், தரையில் ஓடுகிறவன் காலுக்குத் தீத்தாங்கும் செருப்பு ஒன்று கொடுக்க ஏன் யோசிக்கிறார்கள்? தீக்காவலர்களைக் கோடைக்கு மட்டும் எடுப்பதை நிறுத்தி, ஆண்டு முழுதும் வேலை கொடுக்க வேண்டும். உன்னி அகற்றுவதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், கன்று நடுவதும் ஆண்டு முழுதுமான வேலைதானே? காப்பீடு வேண்டும், கவசம் வேண்டும், மூச்சுக் கோளாறுக்கு வைத்தியம் வேண்டும், இறந்தவன் வீட்டுக்கு வேலை வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுக்கிறார்கள். தீக்காவலர் கோரிக்கையை அதோடு இணைத்து நம் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும்.

மலையோரக் கிளைகளுக்கு ஒரு குறிப்பு. ஜனவரி 26 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். தீக்காலத்துக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அன்றைய தீர்மானத்தில் தீக்காவலர் கூலி பாக்கி, தீத்தடுப்புக் கோடு, உன்னி அகற்றும் வேலை மூன்றும் இடம்பெறட்டும். ஆனால், ஊராட்சிக் கிராம சபை வேறு. வன உரிமைச் சட்டத்தின்கீழ் குடியிருப்பு மக்கள் கூட்டவேண்டிய கிராம சபை வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி அதிகாரிகள் தட்டிக் கழிக்கிற இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 4(1)(e) என்பதை எடுத்துக்கொண்டு போங்கள். காட்டையும் வன உயிர்களையும் காக்கக் குழு அமைக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. குழு அமைத்த குடியிருப்புகளின் பெயரையும், அமைக்க விடாமல் தடுத்த இடங்களின் விவரத்தையும் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தீ தொடங்கியபின் வரும் கடிதத்தால் பயனில்லை.